காட்சியும் சாட்சியும்: 1985ஆம் ஆண்டுக் கூடைப்பந்துக் குலுக்கல் ஒளிபரப்பு – ஒரு திறனாய்வு

முன்னுரை

திறனாய்வு என்றதும் நம் துறையினர்க்குக் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகிய எழுத்துப் பனுவல்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. எனினும், பலர் கூடிக் காணும் வண்ணம் ஒழுங்குசெய்யப்பட்ட ஒரு நிகழ்வும் பனுவலே ஆகும். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, பாத்திரங்கள் உண்டு, எதனை முன்னர்க் காட்டுவது, எதனைப் பின்னர்க் காட்டுவது என்னும் வரிசைமுறை உண்டு. காண்போரிடம் அது வேண்டி நிற்கும் மனநிலையும் உண்டு. கூத்தையும் சடங்கையும் இவ்வாறு நோக்கிப் பழகிய நாம், தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒன்றையும் அதே கண்கொண்டு நோக்க இயலும்.

இக்கட்டுரை அத்தகைய நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்கிறது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ., வீரர் தெரிவுக்கான தன் முதல் குலுக்கலை நியூயார்க் நகரின் வால்டோர்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடத்தியது. பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவும் பிலடெல்பியா செவன்டிசிக்சர்ஸ் குழுவும் மோதிய கிழக்கு மண்டல இறுதிச்சுற்று ஆட்டத்தின் இடைவேளையில் சி.பி.எஸ். தொலைக்காட்சி அதனை நாடெங்கும் ஒளிபரப்பியது. ஏழு உறைகள், ஓர் உருளை, ஒரு கை ஆகியவையே அந்நிகழ்வின் கருவிகள்.

தன் நேர்மையை ஊரறிய மெய்ப்பிக்கவே சங்கம் இந்நிகழ்ச்சியை மக்கள் கண்முன் நடத்தியது. ஆயினும், நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அது ஐயத்தோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. கண்முன் நடந்த ஒன்று ஏன் நம்பப்படவில்லை என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா. அவ்வொளிபரப்பு மக்களைச் சாட்சிகளாக வருமாறு அழைத்தது. வந்தவர்களுக்குப் பார்வையாளர் இருக்கையையே அளித்தது. காட்சிக்கும் சாட்சிக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குலுக்கல் தோன்றிய சூழல்

என்.பி.ஏ. குழுக்கள் ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் புதிய விளையாட்டாளர்களை வரிசைமுறைப்படி ஒருவர் பின் ஒருவராகத் தெரிவு செய்கின்றன. இம்முறை டிராஃப்ட் என வழங்கப்படுகிறது. சென்ற பருவத்தில் பின்தங்கிய குழு முன்னதாகத் தெரிவு செய்யும். முன்னணியில் நின்ற குழு பின்னதாகத் தெரிவு செய்யும். மெலிந்தோர்க்கு முதலிடம் தந்து போட்டியில் சமநிலையைப் பேணுவதே இதன் அடிப்படை. நோக்கம் நல்லது, அதனுள் ஓர் இடரும் பொதிந்திருந்தது. தோற்பவர்க்குப் பரிசு என்றால், தோற்க விரும்புவோரும் தோன்றுவர் அல்லரோ?

1966ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை, இரு பிரிவுகளிலும் கடைசி நிலையில் இருந்த இரு குழுக்களுக்கு இடையே நாணயத்தைச் சுண்டி முதல் தெரிவுக்குரியவர் முடிவு செய்யப்பட்டார். 1969ஆம் ஆண்டில் ஃபீனிக்ஸ், மில்வாக்கி ஆகிய குழுக்களுக்கு இடையே நடந்த நாணயச் சுண்டல் புகழ்பெற்றது. தலை எனக் கேட்பதா, பூ எனக் கேட்பதா என்பதை ஃபீனிக்ஸ் குழு தன் இரசிகர்களின் வாக்கெடுப்புக்கு விட்டது. இரசிகர்கள் தலை என்றனர். நாணயம் பூவாக விழுந்தது. பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் மாற்றிக்கொண்ட மாபெரும் ஆட்டக்காரர் மில்வாக்கிக்குச் சென்றார். நாணயம் சுண்டப்பட்டது நியூயார்க்கில். இரு குழுவினரும் தொலைபேசி வழியாகவே முடிவைக் கேட்டறிந்தனர். எவரும் காணாத அந்நாணயத்தைப் பற்றி எழுந்த ஏமாற்றம் மிகுதி; எழுந்த ஐயமோ குறைவு. இக்குறிப்பு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

1983ஆம் ஆண்டிலும் 1984ஆம் ஆண்டிலும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் குழுவே முதல் தெரிவைப் பெற்றது. 1984இல் அது ஹகீம் ஒலாஜுவானைத் தெரிவு செய்தது. நாணயச் சுண்டலில் தோற்ற போர்ட்லாந்து இரண்டாவதாகச் சாம் பூவியைத் தெரிவு செய்ய, மூன்றாவதாக வந்த சிகாகோவுக்கு மைக்கல் ஜோர்டன் கிடைத்தார். அப்பருவத்தின் இறுதிப் பகுதியில் ஹூஸ்டன் வேண்டுமென்றே தோற்றது என்னும் குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஆணையராகப் பொறுப்பேற்றிருந்த டேவிட் ஸ்டெர்னின் காலத்தில், இதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டதே குலுக்கல் முறை. 23 குழுக்களுள் 16 குழுக்கள் பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றன. எஞ்சிய 7 குழுக்களும் சம வாய்ப்புடன் குலுக்கலில் இடம்பெற்றன. கடைசிக் குழுவுக்கும் ஏழில் ஒரு வாய்ப்பு; மயிரிழையில் தகுதியிழந்த குழுவுக்கும் ஏழில் ஒரு வாய்ப்பு. வேண்டுமென்றே தோற்பதால் இனிப் பயனில்லை என்பதே இம்முறை உணர்த்த விரும்பிய செய்தி.

ஒளிபரப்பின் கட்டமைப்பு

அந்நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு இன்றும் காணக் கிடைக்கிறது. அதன் அமைப்பை நான்கு கூறுகளாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, காலம். ஆட்டத்தின் முற்பாதி முடிந்து பிற்பாதி தொடங்கும் முன் உள்ள இடைவேளையில் இக்குலுக்கல் வைக்கப்பட்டது. களத்தில் ஆடிக்கொண்டிருந்தவை வெற்றி பெற்ற குழுக்கள்; இடைவேளையில் மேடையேறியவை தோல்வியுற்ற குழுக்கள். வென்றோரின் ஆட்டத்துக்காகக் கூடிய மக்கள் முன்னிலையில் தோற்றோரின் எதிர்காலம் வகுக்கப்பட்டது. தோல்வி ஒரு தனி நிகழ்ச்சியாக, அதிலும் ஆவலைத் தூண்டும் நிகழ்ச்சியாக மாற்றப்பட்டமை இவ்வொளிபரப்பின் புதுமை எனலாம். இதே காரணத்தால் அது முழுமையாக நிருவாக நடவடிக்கையாகவும் அமையவில்லை. இடைவேளைக்குள் முடிய வேண்டிய ஒன்று விறுவிறுப்பாக இருந்தாக வேண்டும். விறுவிறுப்பு ஒளிபரப்பின் தேவையே அன்றி நேர்மையின் தேவை அன்று.

இரண்டாவது, கருவி. உறைகள் இடப்பட்ட உருளை உட்புறம் தெரியுமாறு தெளிவான பொருளால் ஆனது. தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் உறைகளை ஒவ்வொன்றாக உள்ளே இட்டார். பின்னர் உருளை சுழற்றப்பட்டது. ஒளிவுமறைவு இல்லை என்பதைக் கருவியே சொல்லாமற் சொல்லியது. ஆயினும், உள்ளே தெரிந்தவை உறைகளே. உறைக்குள் இருந்த குழுச் சின்னங்கள் அல்ல. தெளிவான உருளைக்குள் மூடிய உறை என்பதே இவ்வொளிபரப்பின் மையப் படிமம்.

மூன்றாவது, வரிசைமுறை. ஸ்டெர்ன் உருளைக்குள் கைவிட்டு முதலில் எடுத்த உறையே முதல் தெரிவுக்குரியது. ஆனால், அது உடனே பிரிக்கப்படவில்லை. ஏழு உறைகளும் எடுத்து வரிசையாக வைக்கப்பட்ட பின்னர், ஏழாம் இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பிரிக்கப்பட்டன. முடிவு முதலில் நிகழ்ந்துவிட்டது. அறிவிப்பு கடைசியில் வந்தது. இவ்விடைவெளியை ஒளிபரப்பு தன் கதையாக்கிக் கொண்டது. முதலில் வாரியர்ஸ் குழுவின் சின்னம் வெளிப்பட்டது. அவ்வாண்டில் 82 ஆட்டங்களுள் 22 ஆட்டங்களில் மட்டுமே வென்று, பேசர்ஸ் குழுவோடு கடைசி நிலையைப் பகிர்ந்துகொண்ட குழு அது. மெலிந்தோரைக் காக்க ஏற்பட்ட அமைப்பு, மிக மெலிந்த இருவருள் ஒருவரையே முதலில் வெளியேற்றியது. அடுத்து, அவ்வாண்டில் கன்சாஸ் நகரிலிருந்து சாக்ரமென்டோவுக்குக் குடிபெயர்ந்த கிங்ஸ், பின்னர் அட்லாண்டா ஹாக்ஸ், சியாட்டல் சூப்பர்சோனிக்ஸ், கிளிப்பர்ஸ் ஆகிய குழுக்கள் வெளியேறின. இரண்டாம் உறையில் பேசர்ஸின் சின்னம் தெரிந்ததும், எஞ்சியது நியூயார்க் நிக்ஸ் என்பது உறுதியாயிற்று. அக்குழுவின் சார்பில் அமர்ந்திருந்த டேவ் டிபுஷர் மேசையைக் குத்தி மகிழ்ந்தார்.

நான்காவது, இல்லாமை. அக்குலுக்கலின் பரிசு பேட்ரிக் யூவிங் என்னும் இளைஞர் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். 1962இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து, இளம்பருவத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழுவை 1984இல் வாகையர் ஆக்கியவர் அவர். உறைகளுள் எதிலும் அவர் பெயர் இல்லை. எந்நகரில் வாழ்வது, யாருக்காக உழைப்பது என்னும் அவருடைய எதிர்காலம் முடிவாகும் நிகழ்வில் அவருக்குப் பாத்திரமே இல்லை. குலுக்கலின் நேர்மை பற்றிப் பேசியோர் அனைவரும் குழுக்களுக்கு இடையிலான நேர்மையையே பேசினர். தெரிவு செய்யப்படுபவரின் விருப்பம் அப்பேச்சுக்குள் வரவில்லை. நேர்மை யாருக்கு என்னும் வினாவை ஒரு நிகழ்வு எவ்வாறு முன்கூட்டியே சுருக்கிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஐயத்தின் தோற்றம்

முடிவு வெளியானவுடன் ஐயமும் பிறந்தது. நியூயார்க் அமெரிக்காவின் மிகப்பெரிய தொலைக்காட்சிச் சந்தை. 1973க்குப் பின் அதுவரை நிக்ஸ் குழு வாகையர் பட்டம் பெற்றிருக்கவில்லை. அக்குழு எழுச்சி பெற்றால் சங்கத்துக்கும் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டு. இக்கணக்கை எவரும் எளிதில் போட இயலும். ஒளிப்பதிவை மீண்டும் மீண்டும் பார்த்தோர் இரு கதைகளைக் கட்டினர். உறைகளுள் ஒன்று உருளையின் பக்கத்தில் மோதி அதன் மூலை மடங்கியது என்றும், அம்மடிப்பையே அடையாளமாகக் கொண்டு அவ்வுறை எடுக்கப்பட்டது என்றும் ஒரு கதை கூறியது. நிக்ஸ் குழுவின் உறை முன்னரே குளிரூட்டப்பட்டிருந்தது என்றும், தொட்டவுடன் கை அதனை அறிந்துகொண்டது என்றும் மற்றொரு கதை கூறியது. இவற்றுள் எதுவும் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஸ்டெர்ன் இவற்றை மறுத்தே வந்தார். இக்கதைகள் உண்மையா என ஆராய்வது நம் நோக்கமன்று. இவை ஏன் இவ்வடிவில் பிறந்தன என்பதே நம் அக்கறை.

இரு கதைகளும் ஒளிபரப்பின் காட்சியிலிருந்தே பிறந்தவை என்பது நோக்கத்தக்கது. மடிந்த மூலை ஒளிப்படக்கருவி காட்டியது. உருளைக்குள் கை சற்றுநேரம் துழாவியதும் ஒளிப்படக்கருவி காட்டியதே. 1969ஆம் ஆண்டின் நாணயத்தை யாரும் காணவில்லை. ஆகவே அதன் மீது கதை கட்டப் பற்றுக்கோடு இல்லை. 1985ஆம் ஆண்டின் உறையை அனைவரும் கண்டனர்; ஆகவே அதன் ஒவ்வோர் அசைவும் பொருள் தரத் தொடங்கியது. காட்டப்படும் பொருள் அனைத்தும் வாசிப்புக்கு உட்படும் என்பது பனுவலின் இயல்பு. நேர்மையை நிலைநாட்டக் காட்சியைத் துணைக்கு அழைத்தவர்கள், காட்சி தன்னோடு வாசகனையும் அழைத்து வரும் என்பதை எண்ணவில்லை.

இவ்விடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று நமக்கு உதவுகிறது. சீட்டெடுத்து முடிவு காண்பதைத் திருவுளச்சீட்டு என்று வழங்குகிறோம். சீட்டில் வெளிப்படுவது இறைவனின் திருவுளம் என்பது அச்சொல்லின் உட்கிடை. தற்செயலுக்குப் பின்னால் ஓர் உளம் உண்டு என்னும் நம்பிக்கை அதில் அடங்கியுள்ளது. அந்நம்பிக்கை உள்ளவர் தமக்கு எதிரான முடிவையும் ஏற்றுக்கொள்வர். இக்காலக் குலுக்கலில் திருவுளத்துக்கு இடமில்லை. அது வெறும் வாய்ப்புக் கணக்கு. ஆயினும், உளம் ஒன்றைத் தேடும் மனிதப் பழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. தேடிய கண்கள் மேடையில் இருந்த ஒரே உளத்தின் மீது, அதாவது ஆணையரின் உளத்தின் மீது பதிந்தன. அவர் கையே உறையை எடுத்தது. எனவே அவர் எண்ணமே முடிவை எடுத்தது என மக்கள் வாசித்தனர்.

உத்திரமேரூர் காட்டும் அளவுகோல்

சீட்டெடுப்பை மக்கள் முன்னிலையில் நடத்துவதன் நுட்பங்களைப் பற்றி நம் மரபில் விரிவான ஆவணம் ஒன்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அமெரிக்கக் கூடைப்பந்துக்கும் சோழர் காலக் கிராம சபைக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. எனினும், ஐயம் எழாதவாறு சீட்டெடுப்பது எவ்வாறு என்னும் ஒரே சிக்கலை இரண்டும் எதிர்கொண்டமையால், முன்னதை மதிப்பிடப் பின்னது ஓர் அளவுகோலாகக் கூடும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடும்புவாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோருமாகச் சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டன. அச்சிறுவனே அவற்றுள் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனைப் பெற்றுக்கொண்டு படித்தான்; அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படித்தனர்; அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது.

இம்முறையின் ஒவ்வொரு விதியும் ஓர் ஐயத்துக்கு விடையாக அமைந்துள்ளது. எடுப்பவனுக்கு முடிவில் நாட்டம் இருக்கலாம் என்னும் ஐயத்துக்கு விடை சிறுவன். ஓலை கைமாறும்போது மாற்றப்படலாம் என்னும் ஐயத்துக்கு விடை விரித்த விரல்கள். படிப்பவன் பொய்யாகப் படிக்கலாம் என்னும் ஐயத்துக்கு விடை பலரும் படித்தல். கூடியிருந்தோர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுள் சிலர் முடிவைச் சரிபார்க்கும் பொறுப்பும் உடையவராய் இருந்தனர்.

1985ஆம் ஆண்டு ஒளிபரப்பை இவ்வளவுகோலால் அளந்தால் அதன் குறை தெளிவாகிறது. குடத்தை உயர்த்திக் காட்டியது போலத் தெளிவான உருளை இருந்தது. ஆனால், சிறுவன் நிற்க வேண்டிய இடத்தில் சங்கத்தின் ஆணையரே நின்றார். முடிவால் ஆதாயம் பெறக்கூடிய அமைப்பின் தலைவர் தம் கையாலேயே உறையை எடுத்தார். அவர் நேர்மையானவரா என்பது வேறு வினா. நேர்மையானவரையும் ஐயத்துக்கு ஆளாக்கும் இடத்தில் ஒரு முறை நிறுத்துமாயின், குறை அம்முறையினுடையதே.

உத்திரமேரூரை மிகைப்படப் புகழ்வதும் நம் கருத்தன்று. அது ஒரு பிரமதேய ஊர். நிலம், சொந்த மனை, வேதக் கல்வி, 35 முதல் 70 வரையிலான வயது முதலிய தகுதிகள் உடையோரின் பெயர்களே குடத்தை அடைந்தன. குடத்துக்குள் நிலவிய சமத்துவம் குடத்துக்கு வெளியே நிலவவில்லை. யூவிங்கின் விருப்பம் உறைக்குள் இடம்பெறாதது போலவே, அவ்வூரின் பெரும்பாலோர் பெயரும் ஓலையில் இடம்பெறவில்லை. சீட்டெடுப்பின் நேர்மையை மதிப்பிடுவோர், சீட்டில் யார் பெயர் எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இரு நிகழ்வுகளிலிருந்தும் பெறப்படும் பாடம்.

பின்னைய மாற்றங்கள்

சங்கம் இக்குறைகளை உணர்ந்து படிப்படியாக மாற்றங்களைச் செய்தது. கடைசிக் குழு ஏழாம் இடத்துக்குத் தள்ளப்படும் நிலையைத் தவிர்க்க, 1987 முதல் முதல் மூன்று இடங்கள் மட்டுமே குலுக்கலால் முடிவு செய்யப்பட்டன. 1990 முதல் சம வாய்ப்பு கைவிடப்பட்டது. மொத்தம் 66 வாய்ப்புகளுள் கடைசிக் குழுவுக்கு 11 வாய்ப்புகள் அளிக்கப்பட்டன. 1993இல், 66இல் ஒரு வாய்ப்பு மட்டுமே பெற்றிருந்த ஒர்லாண்டோ குழு முதலிடத்தை வென்றது. முந்திய ஆண்டிலும் அக்குழுவே வென்றிருந்தமையால் முறை மீண்டும் திருத்தப்பட்டது.

1994 முதல் வழங்கும் முறை கணக்கியல் நோக்கில் அழகானது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளுள் நான்கு எடுக்கப்படுகின்றன. வரிசையைப் பொருட்படுத்தாவிடில் இதில் 1001 சேர்க்கைகள் அமையும். அவற்றுள் 1000 சேர்க்கைகள் குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. எஞ்சிய ஒன்று வருமாயின் மீண்டும் எடுக்கப்படும். கடைசிக் குழுவுக்கு அப்போது 250 சேர்க்கைகள், அதாவது 25 விழுக்காடு கிடைத்தது. 2019இல் இது குறைக்கப்பட்டு, கடைசி மூன்று குழுக்களுக்கும் தலா 14 விழுக்காடு என வகுக்கப்பட்டது. 1985இல் ஒவ்வொரு குழுவும் பெற்ற ஏழில் ஒரு பங்கும் ஏறத்தாழ 14.3 விழுக்காடே ஆகும். கடைசிக் குழுவின் பங்கு 34 ஆண்டுகளில் ஏறி, உச்சம் தொட்டு, மீண்டும் பழைய அளவை ஒட்டியே வந்து நின்றது. மெலிந்தோர்க்கு உதவுவதற்கும் தோல்வியை ஊக்குவிக்காமல் இருப்பதற்கும் இடையே நிலையான தீர்வு இல்லை என்பதையே இவ்வட்டம் காட்டுகிறது.

நம் ஆய்வுக்கு இவற்றினும் முதன்மையானது எடுக்கும் முறையில் நிகழ்ந்த மாற்றம். இப்போது பந்துகளை எடுப்பது கையன்று, பொறி. பொறியை நோக்காது முதுகு காட்டி நிற்கும் ஒருவர், குறித்த நேரம் கடந்ததும் சைகை தர, அப்போது பந்து எடுக்கப்படுகிறது. உத்திரமேரூர்ச் சிறுவனின் அறியாமையை இங்கே திரும்பிய முதுகு ஏற்றிருக்கிறது எனலாம். குழுக்களின் பிரதிநிதிகளும் சில இதழாளர்களும் தணிக்கையாளர்களும் அவ்வறையில் சான்றாக அமர்கின்றனர். அறிவிப்பு முடியும் வரை வெளியுலகோடு அவர்களுக்குத் தொடர்பு இல்லை. இவையனைத்தும் மூடிய அறைக்குள், ஒளிபரப்பு தொடங்கும் முன்னரே முடிந்துவிடுகின்றன. தொலைக்காட்சியில் மக்கள் காண்பது உறைகளைப் பிரிக்கும் அறிவிப்பு மட்டுமே.

ஆக, 1985இல் ஒன்றாக இருந்த காட்சியும் சாட்சியும் இன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அறைக்குள் இருப்போர் சாட்சிகள்; அறைக்கு வெளியே இருப்போர் பார்வையாளர்கள். நிருவாக நோக்கில் இது முன்னேற்றமே. ஆனால், ஐயம் மறைந்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், 1.8 விழுக்காட்டு வாய்ப்பு மட்டுமே பெற்றிருந்த டாலஸ் மேவரிக்ஸ் குழு முதலிடத்தை வென்று, பின்னர்க் கூப்பர் ஃபிளாக் என்னும் இளைஞரைத் தெரிவு செய்தது. சில மாதங்களுக்கு முன்புதான் அக்குழு தன் தலைசிறந்த ஆட்டக்காரரான லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவுக்கு மாற்றிக் கொடுத்திருந்தது. இரண்டையும் இணைத்து இரசிகர் பலர் மீண்டும் ஐயுற்றனர். இம்முறை மடிந்த உறையோ துழாவிய கையோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காட்சியின்மையே பற்றுக்கோடாயிற்று. முறை சீர்ப்பட்டது உண்மை. அச்சீர்மை மக்களுக்கு எட்டவில்லை.

பரிசின் மதிப்பு

இவ்வளவு ஐயத்தைத் தாங்கிய அவ்வுறையின் மதிப்பு என்ன? யூவிங் சேர்ந்த முதல் பருவத்தில் நிக்ஸ் குழு 23 ஆட்டங்களில் வென்றது. அதற்கு முந்திய பருவத்தில் வென்றவை 24. பின்னர் அவர் 11 முறை விண்மீன் ஆட்டத்துக்குத் தெரிவானார். குழுவை 1994இல் இறுதிப் போட்டி வரை அழைத்துச் சென்றார். எனினும், நியூயார்க்கில் அவர் ஆடிய 15 பருவங்களில் வாகையர் பட்டம் கிட்டவில்லை. மறுபுறம், ஏழாம் உறையைப் பெற்று ஏமாந்த வாரியர்ஸ் குழு தெரிவு செய்தவர் கிரிஸ் மல்லின். குலுக்கலுக்கு அப்பால், 13ஆம் இடத்தில் யூட்டா தெரிவு செய்தவர் கார்ல் மலோன். இம்மூவரும் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் புகழ்பெற்ற குழுவில் ஒன்றாக ஆடித் தங்கம் வென்றனர். முதலிடம், ஏழாமிடம், 13ஆம் இடம் ஆகியவற்றின் வேறுபாடு ஏழாண்டுகளில் ஒரே சீருடைக்குள் அடங்கிவிட்டது. இடைவேளை ஒளிபரப்பு தன் பரிசை ஊழின் தீர்ப்பாகக் காட்டியது. காலம் அதனை ஒரு தொடக்கமாக மட்டுமே ஏற்றுக்கொண்டது.

முடிவுரை

1985ஆம் ஆண்டுக் குலுக்கல் ஒளிபரப்பு தன் நேர்மையை மக்கள் நம்ப வேண்டும் என விரும்பியது. அதற்காகத் தன்னை முழுவதும் காட்ட முற்பட்டது. ஆனால், காட்டுவது வேறு, சரிபார்க்கும் உரிமையைத் தருவது வேறு. பார்வையாளனுக்கு ஆவல் போதும். சாட்சிக்கோ உள்ளே இருப்பதை அறியும் வாய்ப்பும், தவறு நேர்ந்தால் எழுந்து மறுக்கும் இடமும் வேண்டும். இவ்விரண்டையும் தராமல் காட்சியை மட்டும் தந்தமையே அந்நிகழ்வின் குறைபாடு. பின்னர் வந்த முறை உண்மையான சாட்சிகளை அமர்த்தியது. அவர்களை அறைக்குள் வைத்துப் பூட்டியது.

இது கூடைப்பந்தோடு முடியும் செய்தியன்று. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் இடங்களை விஞ்சி விண்ணப்பங்கள் வரும்போது குலுக்கல் நடைபெறுவதை நம் ஆசிரியர்கள் அறிவர். இடம் கிடைக்காத பெற்றோரின் மனத்தில் எழும் முதல் வினா, வாய்ப்புக் கணக்கைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் எடுத்தார், யார் பார்த்தார் என்பதே அவ்வினா. வகுப்பறையில் ஒரு பேச்சுப்போட்டிக்கு மாணவரைச் சீட்டெடுத்துத் தெரிவு செய்யும் ஆசிரியருக்கும் இவ்வினா பொருந்தும். சீட்டை ஆசிரியர் தாமே எடுக்காமல் போட்டியில் பெயர் கொடுக்காத மாணவன் ஒருவனை எடுக்கச் செய்து, விரித்த கையில் வாங்கி, பிறரும் படிக்குமாறு நீட்டினால், இடம் கிடைக்காத பிள்ளையும் வருந்துமே தவிர ஐயுறாது. தோற்றவர் ஐயமின்றி வருந்த இயலும் நிலையை உருவாக்குவதே நேர்மையான குலுக்கலின் கடமை. அந்நிலையை 1985ஆம் ஆண்டின் இடைவேளை நியூயார்க்குக்கு வெளியே இருந்த ஆறு நகரங்களுக்கும் வழங்கத் தவறிவிட்டது.